மூடி போட்ட பிறகு

கறியைப் புகையில் வேகவைக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, பசியோடு போய் அடுப்பைப் பற்றவைப்பதுதான். பசித்த கை சும்மா இருக்காது, தீயைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மேலே கருகிவிடும், உள்ளே பச்சையாக நிற்கும். நான் எப்போதும் இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தொடுவேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். வருகிறேன். அந்த மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், மகளே. மகளே என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? எனக்கு அனல் பழக்கம். உங்களுக்குத்தான் காக்கிச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

இந்த வேலையை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கண் மங்கித் தையல் மிஷினை மூடிவைத்த வருடம், இரும்புக் கடைக்குப் போய் ஓர் அடுப்பு கேட்டேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் தானே எரியுமாம், தானே அணையுமாம். “அப்போ நான் எதுக்கு? அதுவே தின்னுட்டுப் போகட்டுமே” என்றேன். மூலையில் கிடந்த ஒன்றை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். படுக்கவைத்த பீப்பாய், தீ மூட்டப் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி. தீ ஓரிடம், கறி ஓரிடம், நடுவே போய்வருவது புகை மட்டும். தகடு நல்ல கனம். விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடியைச் சாத்தினேன். தாளின் மறுமுனையைப் பிடித்து இழுத்தவள் என் தங்கை. தாள் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. அதையே வாங்கினோம்.

அவளுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னியதிலிருந்து கட்டிக்கொடுத்ததுவரை நான்தான். அடுத்த தெருவில் குடியிருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குழாய் ஒழுகினாலும், கதவு கழன்றாலும், “பார்த்துக்கலாம்” என்பார். அவளே அவருக்கு அதைப் பெயராக வைத்துவிட்டாள். “பார்த்துக்கலாம் இன்னும் குளிக்கல அக்கா, நீங்க சாப்பிடுங்க” என்பாள் போனில்.

எனக்கும் ஒரு பட்டம் இருந்தது, மூடியம்மா. காரணம் உண்டு. புகையடுப்பில் மூடி போட்டால் போட்டதுதான். திறந்தால் சூடு ஓடிவிடும், திரும்பப் பிடிக்க அரைமணி ஆகும். அதிலும் பெரிய தோள்கறியில் ஒரு கட்டம் வரும். அதுவரை ஒழுங்காக ஏறிவந்த சூடு திடீரென்று நின்றுவிடும். கறியில் குத்திவைத்த வெப்பமானியின் முள் அசையாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம்கூட. அனுபவமில்லாதவர்கள் அங்கேதான் தோற்பார்கள். நான் நாற்காலியை விட்டு எழமாட்டேன், போனைக்கூட எடுக்கமாட்டேன். “வீடு பத்திக்கிட்டாலும் அந்தத் தீய விட்டுட்டு இந்தத் தீயத்தான் பார்ப்பாங்க” என்று தங்கை கேலி பேசுவாள்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனாள். காலையிலிருந்தே நெஞ்சில் பாரம், இடது கையில் குடைச்சல். அந்த நேரத்தில் அவள் கணவர் எங்கே இருந்தார்? என் கொல்லையில், கொய்யாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். “வாயுத்தொல்லையாத்தான் இருக்கும் அக்கா” என்றார். இரண்டு தட்டு சாப்பிட்டார். நாங்கள் போனபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள், சில்லென்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடித்துக்கொண்ட விரல்களில், நகக்கண்ணில், என் கறியின் மிளகு ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த மிளகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதம் கழித்து அவருக்கே நெஞ்சடைப்பு வந்தது. பிழைத்துவிட்டார். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை நேரே என்னிடம் கொண்டுவந்தார். “எனக்குச் சமைச்சுப் போட யாரு இருக்கா? நீங்களே பார்த்துக்குங்க அக்கா.” வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். கொழுப்பு கூடாது. உப்பு கூடாது. புகையில் வாட்டியது கூடவே கூடாது. இவ்வளவு தெளிவான சமையல் குறிப்பு என் ஆயுளில் எனக்குக் கிடைத்ததில்லை.

விஷம் வைத்தேனா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். விஷமெல்லாம் அவசரக்காரர்களுக்கு. நான் சோறுதான் போட்டேன். முதல் வாரம் உப்பே இல்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். அடுத்த வாரம் ஒரு சிட்டிகை, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நாக்குக்குக் கணக்குத் தெரியாது. கொழுப்போ, மெல்லிய தீயில் பத்து மணி நேரம் நின்றால் உருகி நாருக்குள் இறங்கிவிடும். வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக ஒன்றும் தெரியாது.

“கொழுப்ப எடுத்துட்டீங்கல்ல அக்கா?”

“கண்ணுல படுதா பாருங்க மாப்பிள்ளை.”

“உங்க கை இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்” என்பார், எலும்பைச் சப்பிக்கொண்டே. அவர் முதல் வாய் எடுத்துவைக்கும்போதெல்லாம் தங்கையின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். இப்படி இரண்டு வருடம், நான்கு மாதம்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கட்டை பிளந்து தருவார், சாம்பல் அள்ளுவார். மழையில் நான் நனையக்கூடாது என்று அடுப்புக்குமேல் தகரக் கூரை போட்டார். ஏணியில் ஏறும்போது அவருக்கு மூச்சு இரைத்தது. நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். விழுந்து செத்திருந்தால் என் உழைப்பெல்லாம் வீண்.

போன ஞாயிறு, முள் நின்றிருந்த நேரம். “நெஞ்சு என்னமோ பண்ணுது அக்கா” என்றார்.

“வாயுத்தொல்லை மாப்பிள்ளை.”

“இல்ல... ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.”

“பார்த்துக்கலாம்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது. “அன்னைக்கு நான் எந்திரிச்சேனே அக்கா” என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு. நான் அடுப்பின் தீ எரிகிற பெட்டிக்குள் ஒரு கொய்யாக் கட்டையைச் செருகினேன். நாற்பது நிமிடத்தில் முள் நகர ஆரம்பித்தது. ஆக, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன இன்னொரு தாள்? ஓ, தங்கை போன அன்று என் போனுக்கு வந்த அழைப்புகளா. மூன்று, எல்லாம் அவளுடையவை. இருக்கும். போன் சமையலறை ஜன்னலில் இருந்தது, அடித்தது காதில் விழுந்தது.

சரி, கேட்டுவிட்டீர்கள், மறைக்கவில்லை. அவர் அன்று சாப்பிட வரவில்லை. “ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வந்தாத்தான் வருவேன்னு அடம்பிடிக்கிறா. கொஞ்சம் வாங்க அக்கா” என்றுதான் வந்து நின்றார். “முள்ளு நின்னுருக்கு மாப்பிள்ளை. உட்காருங்க, எடுத்துட்டுச் சேர்ந்தே போவோம்” என்றேன். “சரி, பார்த்துக்கலாம்” என்று உட்கார்ந்தார். போன் அடித்தபோது எழுந்தார். “விடுங்க, நான் மூடி போட்டிருக்கேன்னு அவளுக்குத் தெரியும்” என்றேன். மூன்றாம் முறை வாசற்படிவரை போய்விட்டார். அதட்டினேன், திரும்பி வந்தார். கறி எடுத்ததும் முதல் தட்டை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். இன்னொன்றும் வைத்தேன்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், மகளே. அவருக்குக் கால் இருந்தது. தாலி கட்டியவர். ஒரு கிழவி அதட்டினால் திரும்பி வந்துவிடுவதா? அவர் போயிருக்க வேண்டும்.

நான் எப்படிப் போவேன்? மூடி போட்டிருந்தேனே.