நடுங்காத கை

— கையை நீட்டு.

— எதுக்குக்கா? கஸ்டமர் வர்ற நேரம்.

— நீட்டுடா என் ராசா. அந்தச் சவரக் கத்தியைக் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் நீட்டு.

— இந்தா, பாத்துக்க. ஜோசியம் சொல்லப் போறியா?

— நடுங்கலையே... டேய், நடுங்கவே இல்லையேடா!

— நல்லதுதானே? மூணு வருஷமா ஆடின கை. சந்தோஷப்படுவியா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே.

— கிட்னி வச்சதுலேர்ந்து அந்த மாத்திரையாலதான் கை ஆடுதுன்னு டாக்டரே சொன்னாரு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. எத்தனை நாளா விழுங்கலை?

— நீ வேற! போடுறேன், போடுறேன்.

— எத்தனை நாளா?

— கடை திறக்கிற நாள்ல மட்டும் காலை மாத்திரை கிடையாது. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா!

— என்ன பண்ணச் சொல்றே? ஒரு பெரியவருக்குக் காதோரம் கீறிட்டேன். ஒரு வார்த்தை திட்டலை. அடுத்த தடவை, என் நாற்காலி சும்மா கிடக்கு, பக்கத்து நாற்காலிக்காக முக்கால் மணி நேரம் பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. உடம்பே கூசிப் போச்சுக்கா.

— டெஸ்ட்ல மாட்டலையா நீ?

— அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒழுங்கா போட்டுக்குவேன். மருந்து அளவு சரியா காட்டிடும்.

— அடப்பாவி! டாக்டரை ஏமாத்திட்டே. உள்ள இருக்கிறதை என்ன சொல்லி ஏமாத்துவே? நான் குடுத்த கிட்னின்னாலும் உன் உடம்புக்கு அது வேத்தாள்தான். மாத்திரை இல்லேன்னா உன் ரத்தமே அதை அடிச்சு நாசம் பண்ணிடும்டா.

— பயமுறுத்தாதே... உன் பையில என்ன, லேப் கவரா? என் ரிப்போர்ட்டை நாளைக்குத்தானே தர்றேன்னாங்க?

— அதைத் தொடாதே. குடு இங்க.

— இருக்கா, பாக்கிறேன். கிரியேட்டினின்... ரெண்டு புள்ளி நாலா? ஒண்ணரையைத் தாண்டக் கூடாதுன்னாரே!

— குடுடா.

— போச்சு. மறுபடி அந்த டயாலிசிஸ் மெஷினா? வாரம் மூணு நாள் ஊசியோட கிடக்கணுமா? தண்ணியைக்கூட அளந்து குடிக்கணுமா?

— முதல்ல உக்காரு.

— நீ குடுத்ததை நானே கொன்னுட்டேனே! இனிமே ஒரு வேளை விட மாட்டேன், உன்மேல சத்தியம். கடை போனா போகட்டும். மாத்திரை போட்டா இறங்கிடும்ல? சொல்லேன். எதுக்கு அழறே?

— உன் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வருது. மேல பேரைப் படிடா. அது என் ரத்தம். எனக்கு மிச்சமிருக்கிற ஒத்தைக் கிட்னி.