என் அறையில் மட்டும் அடிக்கும் மணி

எனக்குச் சத்தமாகப் பேச வராது ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொள்ளுங்கள். பேச ஆள் இல்லாமல் போனால் குரல் இப்படித்தான் உள்ளே போய்விடும்.

மீன் கிடங்கில் எனக்குப் பதினோரு வருடம். ஃப்ரீசர் அறைக்கு நான்தான் பொறுப்பு. உள்ளே போகிறவர்கள் தங்கள் டோக்கனைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். நான் தாழ்ப்பாளைப் போடலாம். தப்பித்தவறி யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு உள்ளே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மணி என் அறையில் அடிக்கும். வேறெங்கும் கேட்காது.

என்னை அங்கே 'ஐஸ்கட்டி' என்பார்கள். முதல் வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன். சாப்பாட்டு மேசையில் நான் போய் உட்கார்ந்தால் ஒருவர் கை கழுவப் போவார், இன்னொருவருக்குப் போன் வந்துவிடும். நான் எழுந்து வந்ததும் மறுபடி கலகலப்பு. யாரும் என்னைத் திட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் டப்பாவை என் அறைக்கே கொண்டுபோய்விட்டேன். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்க வேலை இருக்காது. திங்கட்கிழமை காலையில் கனைத்துக் குரலைச் சரிசெய்துகொண்டுதான் கிளம்புவேன்.

பெட்டி கட்டும் வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். இரண்டாம் நாளே டப்பாவோடு என் கதவருகே நின்றாள்.

"அண்ணே, இங்க உக்காந்து சாப்பிடலாமா? அங்க யாரும் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க."

நான்கு மாதம் ஐயா. அவள் அப்பாவின் குறட்டை, தங்கையின் பரீட்சை எல்லாம் எனக்கு அத்துப்படி. அவளுக்கென்று இன்னொரு நாற்காலிகூட வாங்கிப் போட்டேன். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான்.

ஒரு புதன்கிழமை அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்த மேசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். யாரோ 'ஐஸ்கட்டி' என்று என்னமோ சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே, அவங்களா கூப்பிட்டாங்க. நீங்களும் வாங்களேன்" என்றாள் மறுநாள். நல்ல பெண்தான். எனக்குக் கோபமே இல்லை. அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலைதான். அந்தக் கூட்டத்துக்கு அவள் ஒரு பொருட்டே இல்லை என்று நான் வாயால் சொன்னால் எடுபடாது. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், "ஒரே ஒரு பெட்டிண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று கோட்டுகூடப் போடாமல் உள்ளே போனாள். டோக்கனை ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் போனாள். நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாளைப் போட்டேன். என் அறைக்கு வந்து டப்பாவைத் திறந்தேன்.

மணி அடித்தது. அவளைத் தேடி ஒருவராவது வருகிறாரா பார்ப்போம், வந்தால் அந்த நிமிடமே திறந்துவிடுவோம் என்று இருந்தேன். இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து ஆணியைப் பார்த்தார்.

"புதுசு எங்கப்பா? சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிடுச்சா?"

தெரியாது என்றேன். அவர் நின்ற அந்த அரை நிமிடம் மணி அடிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவரும் போய்விட்டார். பார்த்தீர்களா, ஒருவர்கூட அவளைத் தேடவில்லை. நான் நினைத்ததுதான் சரி.

மணி முதலில் நீளமாக அடித்தது, பிறகு விட்டுவிட்டு. என் ஆயுசில் யாரும் என்னை அத்தனை நேரம் கூப்பிட்டதில்லை. கதவு எட்டடி தூரம்தான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு தடவையைக்கூடத் தவறவிடவில்லை. ஐந்து மணிக்குத்தான் திறந்தேன். கொன்றது நான்தான் ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றரைக்கு மணி நின்றபோது என் மனது எவ்வளவு நொந்துபோயிற்று என்பதையும் எழுதுங்கள்: கடைசியில் அவளும் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.