எடுக்காமல் விட்ட பெயர்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு வாலிபர்கள் பேசிக்கொண்டது இது. கண்ணாடி போட்டவன்தான் ஆரம்பித்தான்.

"செத்தவரு நேத்து எனக்கு ஈமெயில் போட்டிருக்காரு, மாப்ள."

"ஏலே, வெயிலு மண்டைக்கு ஏறிட்டா?"

"நெசமாத்தான். ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்தோட சோர்ஸ் கோடு, அதாம் அதை ஓட்டுத புரோகிராம் எழுத்து, அதை ஊர் ஊரா இருந்து நாங்க பாத்துக்கிடுதோம்லா? யாரு வேணாலும் திருத்தலாம். ஆனா அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரு சரின்னு சொல்லணும். எம்பகுதிக்கு அவருதான். போன மாசம் செத்துட்டாரு. பொறுப்பை எங்கிட்ட குடுத்துட்டாவ. பொறுப்பாளர் பட்டியல்ல அவரு பேரை எடுத்துட்டு எம்பேரைப் போட்டு அனுப்புனேன்."

"சரி, அதுக்கு?"

"அவரு முகவரியிலருந்து பதில் வருது. 'இன்னொரு ஃபைல்லயும் என் பேரு இருக்கு, விட்டுட்டே'ன்னு. போய்ப் பாத்தா, இருக்கு."

"வீட்டாளுக யாராவது போட்டிருப்பாவ."

"அவருக்கு யாரும் கிடையாது."

கூட இருந்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நாலாட்டின்புதூர் தாண்டும்போது அவனே கேட்டான்.

"அந்தப் பேரை எடுத்துட்டியாலே?"

"இன்னும் இல்ல. இப்ப பிரவுசிங் சென்டருக்கு அதுக்குத்தான் போறேன். எடுத்த பொறவு அவருகிட்டருந்து ஒண்ணும் வராமப் போயிருமோன்னு இருக்கு."

"வந்துட்டுன்னா?"

கண்ணாடி போட்டவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பஸ் நின்றதும் இறங்கிப் போய்விட்டார்கள்.

ஃபைல், பட்டியல் என்பதெல்லாம் காதில் விழுந்தபடி எழுதினேன். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.