நியூகினியில் ஓர் ஊசித் துளை

வரைபடத்தைச் சுவரில் ஒட்டும்போது கஞ்சிப் பசை நீர்த்திருக்கக் கூடாது. நீர்த்திருந்தால் காகிதம் சுருங்கும், தீவுகளெல்லாம் இடம் மாறிப்போகும். மலைக் குடிசையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இந்த மேசைமேல் விரித்திருக்கிறீர்களே, இதில் ஒரு சுருக்கமாவது இருக்கிறதா பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இதை ஒட்டியவன் நான்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஹோஷினா தொகுஜி. வயது அறுபத்திரண்டு. கமிஸவா கிராம அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் படை விவகார எழுத்தராக இருந்தேன். படைக்கு அழைக்கும் சிவப்புக் காகிதம் வந்தால் அதை உரிய வீட்டில் கொடுப்பது என் வேலை. வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டி வந்தால் அதைக் கொடுப்பதும் என் வேலை. இரண்டுக்கும் ஒரே உடுப்பைத்தான் போட்டுக்கொண்டு போவேன். எட்டுத் தலைமுறையாக எங்கள் குடும்பம் அந்த ஊரில் இருக்கிறது. ஹோஷினா வீட்டைப் பார்த்து ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

சிங்கப்பூர் விழுந்த ஆண்டு இந்த வரைபடத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினேன். என் மனைவி தோமே காகிதக் கொடிகளை வெட்டி, முத்திரை மையில் விரல் தொட்டு நடுவில் சூரியன் வைத்துக் கொடுத்தாள். ஜாவா, ரங்கூன், ரபௌல், நியூகினி என்று நான் ஊசி குத்தக் குத்த ஊரே நின்று பார்த்தது. என் ஒரே மகன் மினோரு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"கொடிக்கும் கொடிக்கும் நடுவுல எவ்வளவு கடல் இருக்கு பாத்தீங்களாப்பா? அங்கெல்லாம் சோறு யாரு கொண்டுபோறது?"

கூட்டத்தில் ஒருவர், "ஒங்க புள்ளைக்கு எப்பவும் வயித்து நெனப்புதான், எழுத்தரய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வசந்தத்தில் அவன் பெயருக்குச் சிவப்புக் காகிதம் வந்தது. உடுப்பைப் போட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில் அந்நியனைப் போல நின்று, குரல் கொடுத்து அவனை வெளியே அழைத்துக் கொடுத்தேன். அவனும் முறைப்படி குனிந்து வாங்கிக்கொண்டான். கமிஸவாவிலிருந்து இன்னும் ஏழு பேர் அவனுடைய படைப்பிரிவில் போனார்கள்.

நம் படை பின்வாங்கியது என்று வானொலி ஒருநாளும் சொல்லவில்லை. "திசை மாற்றி முன்னேறினோம்" என்றுதான் சொன்னது. ஊசியைப் பிடுங்க வேண்டுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். உத்தரவு வரும்வரை தொட வேண்டாம் என்று பதில் வந்தது. தொடவில்லை. போர் முடிந்த நாளிலும் என் வரைபடத்தில், எதிரி பிடித்து ஓராண்டு ஆகிவிட்ட சைப்பான் தீவு நம்முடையதாகவே இருந்தது. அதன் பிறகு காகிதங்களையெல்லாம் எரிக்கச் சொன்னார்கள். எரித்தேன். கொடிகளையும் எரித்தேன். வரைபடத்தை மட்டும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல காகிதம்.

அந்த எட்டுப் பேருக்கும் சாவுச் செய்தி போர் முடிவதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் எட்டுப் பெட்டிகள், உள்ளே அஸ்தி இல்லை, பெயர்ச்சீட்டு மட்டும். சரிவில் கீழ்வீட்டு விதவை கானேயிடம் அவளுடைய மகன் தெய்ஜியின் பெட்டியைக் கொடுத்து, "முன்வரிசையில் நின்று பாய்ந்தபோது வீழ்ந்தான்" என்றேன். காகிதத்தில் இடமும் தேதியும்தான் இருந்தன. மிச்சத்தை நான் சேர்த்தேன். ஒரு தாய்க்கு அதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பாயுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிட்டிருப்பானா, எழுத்தரய்யா?"

"நல்லா சாப்பிட்டிருப்பான்" என்றேன்.

கடைசியாக என் வீட்டுப் பெட்டி. குடும்பப் பதிவேட்டில் மினோருவின் மரணத்தை என் கையாலேயே எழுதினேன். எழுத்து நடுங்கவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அன்று கானே வந்து என் முன்னால் குனிந்து, "இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றாள். சிவப்புக் காகிதம் கொடுக்கத் தொடங்கிய நாள் முதல் அந்த ஊர்த் தெருவில் நான் முதுகு கூசாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

தோமேதான் சொன்னபடி கேட்கவில்லை. தொலைவில் இருப்பவனுக்கு வீட்டில் தினமும் ஒரு தட்டு வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அவனுடைய கிண்ணத்தில் மிசோ சாறு ஊற்றி மூடுவார்கள். திறக்கும்போது மூடியின் அடியில் நீர்த்துளி நின்றால் அவன் உயிரோடிருக்கிறான் என்பார்கள். பெட்டி வந்த பிறகும் அவள் தட்டு வைத்தாள்.

"செத்தவனுக்கு வெக்கிறது வேற, தோமே. அதை முன்னோர் பீடத்துல வெக்கணும்."

"துளி நிக்குதுங்க. வந்து பாருங்க."

"சூடா ஊத்துனா எந்த மூடியிலயும்தான் நிக்கும்."

"அப்ப சூடாவே ஊத்துறேன்."

போன நவம்பர் இருபத்தேழாம் தேதி நடுப்பகலில், எங்கள் கரிச்சூளைக் குடிசையில் கூரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மினோரு மலைப்பக்கமாக வந்தான். சாலை வழியாக வர வெட்கப்பட்டிருக்கிறான். எதிரியிடம் கைதியாக இருந்தபோது குடும்பத்துக்கு இழுக்கு வரக் கூடாதென்று பொய்ப்பெயர் கொடுத்தானாம். அதனால்தான் எங்களுக்குச் செய்தியே வரவில்லை. கப்பலிறங்கிய பிறகு துறைமுக மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறான். பொய்ப்பெயர் கொடுத்த விஷயத்தில் அவன் என் பிள்ளைதான்.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அம்மா நல்லா இருக்காங்களா?"

என் மதியச் சாப்பாட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டான். பிறகு சொன்னான். யாரும் பாயவில்லையாம். மாதக்கணக்கில் கடற்கரையோரமாகப் பின்வாங்கி நடந்தார்களாம், புல்லையும் இடுப்புவாரையும் வேகவைத்துத் தின்றுகொண்டு. தெய்ஜியின் கால் அழுகிவிட்டது. ஓர் ஆற்றைக் கடக்கும்போது, நடக்க முடியாதவர்களுக்கு, தாங்களே மாய்த்துக்கொள்ளும்படி, ஆளுக்கொரு கைக்குண்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"தெய்ஜி கையில குடுத்தது நான்தான்பா. 'எங்கம்மாகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிரு'ன்னான். சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கே போறேன். மத்த ஆறு வீட்டுக்கும் போகணும்."

"அவன் பாய்ஞ்சு செத்தான்னுதான் கானே ரெண்டு வருஷமா உயிரோட இருக்கா."

"அப்படின்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?"

ஊரைத் தயார்செய்ய வேண்டும், சில நாள் பொறுத்திரு என்றேன். அவனுக்கு மலேரியாக் காய்ச்சல், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். மறுநாள் பலகை இடுக்குகளில் காற்று வராதபடி இந்த வரைபடத்தை ஒட்டிக்கொடுத்தேன். கதவுக்கு வெளியே குறுக்குக்கட்டை போட்டேன். அது கரடி நடமாடும் இடம். நவம்பர் கடைசியில் கரடிகள் குகைக்குள் போய்விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தோமே வைத்த தட்டையே தினமும் மூடியெடுத்துப் பார்த்த பிறகு கொண்டுபோனேன். பறவைகளுக்குப் போடுவதாகச் சொன்னேன். டிசம்பர் ஆறாம் தேதி கடைசியாகக் கேட்டேன். "கானேகிட்ட சொல்லாம இருப்பியா?"

அவன் சுவரைப் பார்த்தான். ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. "கொடியெல்லாம் எடுத்துட்டீங்க. ஓட்டை போகலையேப்பா" என்றான்.

கிண்ணத்தை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். அது என் தவறு. மறுநாளிலிருந்து அந்தத் தட்டுச் சாப்பாட்டைக் கிடங்குக்குப் பின்னால் நின்று நானே சாப்பிட்டேன்.

பனி வழியை அடைத்துவிட்டது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் நான் சொன்னதுதான். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பனி அடைத்தது பதினேழாம் தேதி. அதுவரை வழி திறந்தே இருந்தது. எட்டாம் தேதி நான் குடிசைவரை போகவும் செய்தேன். காலடி கேட்டிருக்க வேண்டும். "அப்பா, சாப்பாடு வேணாம். தண்ணி மட்டும் குடுங்க" என்றான். குறுக்குக்கட்டை நகரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பதினாலாம் தேதி தோமே மூடியைத் திறந்தாள். அப்போது வேறு கிண்ணம்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நிக்கலைங்க."

"ஆறிப்போயிருக்கும்."

"கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்துனேன்."

மறுநாள் முதல் அவள் தட்டு வைக்கவில்லை. ஒருவழியாக முறை தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

பனி உருகியதும் கீரை பறிக்க மலைக்குப் போனாள். மினோருவின் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். அதைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். முதலில் கானே வீட்டுக்குள் போனாள். பிறகு இருவருமாக உங்கள் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். வாசலில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. ஓடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

அந்த நாட்களில் அவன் வரைபடத்தில் பென்சிலால் எழுதியதைக் காட்டினீர்கள். நியூகினிக் கரையோரம் ஏழு பெயர்கள். யார், எந்த ஆற்றங்கரையில், எப்படி. கானேக்கு வாசித்துக் காட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். அவள் அழவில்லை, "கடைசியா ஒருத்தன் உள்ளதச் சொன்னான்" என்றாளாம். இருக்கட்டும்.

ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. கமிஸவாவிலிருந்து போனவர்கள் எட்டுப் பேர். அவன் தன் பெயரை விட்டுவிட்டான். அந்தப் பென்சிலைக் கொடுங்கள், நானே எழுதிவிடுகிறேன். இதோ இந்தத் துளைக்குப் பக்கத்தில், நியூகினியில். அவன் செத்தது அங்கேதான், ஐயா. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது.