ஜெர்மனி விலக நல்ல நாள்

2005இல் ஒரு நாள், ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர ட்ராமில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து மனிதரும் மனைவியும் இருந்தார்கள். அவர் மடியில் கலியாணப் பலகாரப் பெட்டி.

"ஜெர்மனி ஐரோப்பிய யூனியனை விட்டு விலகவேணும்," என்றார் அவர். "யூரோ வந்து எல்லாம் விலை. பழைய மார்க் காசு திரும்பி வந்தால்தான் நாடு உருப்படும்."

"விலகட்டும்," என்றார் மனைவி. "சுவிஸ் அந்த யூனியனில இல்லைத்தானே. போன வருசம் உங்கட தம்பி வீட்டுக் கலியாணத்துக்குப் போக, விசா இல்லையெண்டு எல்லையில திருப்பிவிட்டவங்கள். பலகாரத்தை ஒரு மாசம் நாங்களே திண்டனாங்கள்."

"அது சுவிஸ்காரன்ர குணம்."

"சனிக்கிழமை பாரிசில உங்கட மகளுக்குக் கலியாணம். பிரான்ஸ்காரனும் எல்லையில மறிச்சால்?"

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப கலியாணம் முடிய விலகட்டும்."

"பிறகு அவளின்ர பிள்ளைப்பேறு பாக்க நான் போகவேண்டாமே?"

அடுத்த தரிப்பிடம் வந்தது.

"சரியப்பா. ஜெர்மனி இருக்கட்டும்."