பச்சைப் பொன்ரியாக்கும் கொறற்றியின் கடிதங்களும்

பழைய எஞ்சினைக் காலையில் அவசரப்படுத்தக் கூடாது. சாவியைத் திருப்பிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். எண்ணெய் சூடாகி மேலே ஏறி மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரட்டும். ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஞாயிறுதோறும் நான் இதைத்தான் செய்கிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்குள் கொறற்றி பூசைக்குப் புறப்பட்டுத் தன் வீட்டு மாடிப்படி இறங்கி வந்துவிடுவாள். இரண்டு கதவுக் கார். முன்சீற்றை மடித்து, குனிந்து, பின்னால் போய் இருந்துகொள்வாள். மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். அதற்குள் அந்த வாரம் அவளுக்கு வந்த ஜெர்மன் கடிதங்கள். ஒன்றையும் பிரித்திருக்க மாட்டாள்.

என் பெயர் அலோசியஸ். மன்னாரில் லொறிக் கராஜில் வேலை பழகினவன். எண்பத்தொன்றில் இங்கே வந்தேன். அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யத் தடை என்பதால் நோவாக் என்ற கிழவரின் கராஜில் கள்ளமாக வேலை செய்தேன். அவரிடம் ஏச்சு வாங்கி வாங்கியே எனக்கு ஜெர்மன் வந்துவிட்டது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வந்து சேரத் தொடங்கியபோது, அரசாங்கக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய தமிழன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தின் கடைசி மேசையில் போய் இருப்பேன். ஆட்கள் கடிதங்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒருவரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இதையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் நான் செய்த மற்றதைக் கேட்ட பிறகு இதை யாரும் நம்பமாட்டார்கள்.

கொறற்றி மட்டும் கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவருவாள். வந்த புதிதில் ஒரு கடிதத்தை அவசரத்தில் கிழித்துவிட்டாள். அதில் நாளும் நேரமும் போட்ட மூலை எங்கோ பறந்துபோய், நேரில் வரச் சொன்ன அந்த ரெர்மினைத் தவறவிட்டாள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாங்கிய திட்டு அவளை விட்டுப் போகவில்லை. "எனக்கு இந்தக் கடுதாசியளைத் தொடவே பயம் அண்ணை. நீங்களே பிரியுங்கோ," என்றாள். நான் பிரித்தேன். அப்படித்தான் பழக்கமாயிற்று.

அவளுடைய கணவன் பெயர் ராசன். கலவரம் வந்தபோது கலியாணமாகிப் பத்து மாதம். கொழும்பில் அவர்கள் இருந்த வீட்டைக் கொளுத்தியபோது அவளுடைய இடது கை வெந்துபோனது. இருந்த காசு ஒருவருடைய பயணத்துக்குத்தான் காணும். ராசன் அவளை ஏற்றிவிட்டு, தான் மன்னாரில் பேசாலைக்குப் போய்விட்டான். அந்தக் கையைக் காட்டித்தான் அவள் இங்கே அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டாள். வேலை செய்யும் உரிமை கிடைத்தது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. கணவனைக் கூப்பிட்டுக்கொள்ளும் உரிமையும் இருந்தது. அதற்கான விண்ணப்பத்தை எண்பத்தைந்து மேயில் நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு பிழையும் விடவில்லை.

இனிக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்துநாலாம் ஆண்டில் அமெரிக்காவில் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. நடுத்தரக் குடும்பக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தால் என்ன? வைத்தார்கள். அதுதான் மஸில் கார். அடுத்த ஆறு வருடம் கம்பனிகளுக்குள் யாருக்குக் குதிரைவலு கூட என்று போட்டி. பிறகு காப்புறுதி கூடியது, புகைக்குச் சட்டம் வந்தது, எழுபத்துமூன்றில் பெற்றோல் விலை ஏறியது. கார்களுக்குப் பழைய பெயர் மட்டும் மிஞ்சியது, உள்ளே இருந்த வலு போய்விட்டது. நல்ல காலத்துக் கார்களை ஆட்கள் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். ஜெர்மனியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கப்பலில் கொண்டுவந்த கார்களை நாடு திரும்பும்போது விட்டுவிட்டுப் போனார்கள். எண்பதுகளின் நடுவில்தான் அவற்றுக்கு மெல்ல மதிப்பு ஏறத் தொடங்கியது. இதை முதலே கண்டுகொண்டவர்களில் நானும் ஒருவன்.

அதே மே மாதம் ஒரு சிப்பாயின் கார் எங்கள் கராஜுக்கு வந்தது. அறுபத்தெட்டாம் ஆண்டுப் பொன்ரியாக். கரும்பச்சை. ஆறு புள்ளி ஆறு லீற்றர். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு நாடு இல்லை, பெண்சாதி இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துகிற ஒரு தாளைத் தவிர வேறு அடையாளமும் இல்லை. அந்தக் கார் என்னுடையதாக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

சேகரிப்புக் கார்களுக்கென்று தனிக் கடன் இருக்கிறது என்று நோவாக் சொன்னார். நிபுணர் ஒருவர் மதிப்பிட்டுத் தாள் தந்தால் வங்கி அந்தத் தாளை நம்பிக் காசு தரும். ஆனால் நிரந்தர வதிவிட உரிமையும் சம்பளச் சீட்டும் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் இரண்டும் உள்ளவள் கொறற்றி.

அவளிடம் கேட்டிருந்தால் போட்டிருப்பாள். இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை. ராசனைக் கூப்பிடுவதற்கு வங்கியிலும் ஒரு பத்திரம் வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனேன். வங்கியில் இருந்த பெண்மணி நல்ல மனிசி. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு அந்தக் காரில் ஏன் அவ்வளவு விருப்பம் என்று கேட்டார். நான் கொறற்றியின் பக்கம் திரும்பி, "ராசனைப் பற்றிக் கேக்கினம், சொல்லுங்கோ," என்றேன்.

அவள் சொன்னாள். "பத்து மாசம்தான் அண்ணை ஒண்டா இருந்தனாங்கள். நீ முதல் போ, நான் பின்னால வாறன் எண்டு ஏத்திவிட்டவர். அவர் வந்து சேர்ந்தால் எனக்கு இந்த உலகத்தில வேற ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ." சொல்லிவிட்டு அழுதாள். நான் ஜெர்மனில், சிறுவயதிலிருந்தே இவருக்கு இந்தக் காரில் ஆசை, இது கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார் என்றேன். அந்தப் பெண்மணி மேசையைச் சுற்றி வந்து அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார். காரை இப்படி நேசிக்கிற ஒரு பெண்ணைத் தான் கண்டதில்லை என்றார். நான் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கொறற்றி கையெழுத்துப் போட்டாள்.

கடனும் அவள் பெயரில், காரும் அவள் பெயரில். முதல்முறை அதில் ஏறும்போது, "இது ஆற்றை கார் அண்ணை?" என்று கேட்டாள். நோவாக்கினுடையது என்றேன். ராசன் வரும்நாள் விமான நிலையத்துக்கு இதில்தான் போக வேண்டும், முன்சீற் அவருக்கு, நான் பின்னால் இருக்கிறேன் என்று சொல்லிப் பின்னால் ஏறினாள். அன்று தொடங்கியதுதான். தன்னுடைய காரில் அவள் இதுவரை முன்னால் இருந்ததில்லை.

தவணையை நான் ஒழுங்காகக் கட்டினேன். ஏமாற்றும் எண்ணம் இருந்ததில்லை. நவம்பரில் கராஜுக்குள் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள், எனக்கு வேலை நின்றது. வங்கியிலிருந்து அவளுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, "என்னவாம் அண்ணை?" என்பாள். "விண்ணப்பம் பாக்கினமாம். பொறுக்கட்டாம்," என்பேன். கடைசியில் வங்கி நேரே அவள் சம்பளத்தில் கைவைத்தது. அது குடும்பத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு உள்ள வரி என்று சொன்னேன். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மிச்சம் பிடித்து, ராசனுக்கு ஒரு குளிர் அங்கி வாங்கி வைத்தாள்.

எண்பத்தாறு ஏப்ரலில் வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம் வந்தது. அவள் காத்திருந்த கடிதம். கணவர் விடயமாக இன்ன நாள் நேரில் வரவும், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவரவும், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். இரண்டு முறை வாசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனால் சம்பளச் சீட்டில் வங்கியின் பெயரைக் காண்பார்கள். வேறொரு தமிழன் அதை அவளுக்குச் சொல்லுவான். "இன்னும் பாக்கினமாம்," என்றேன். "ஓம் அண்ணை," என்று பையை மடித்தாள். ஜூனில் அதே அலுவலகத்திலிருந்து, இன்னொரு நாள் குறித்து, கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கும் வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றிருந்தது. அதையும் "இன்னும் பாக்கினமாம்" என்றுதான் வாசித்தேன்.

இரண்டு கடிதங்களுக்கும் இடையில் டுசெல்டோர்பிலிருந்து ஒரு பல் வைத்தியர் காரைப் பார்க்க வந்தார். அவர் சொன்ன விலைக்குக் கொடுத்திருந்தால் கடன் முழுதும் அன்றே அடைபட்டிருக்கும். அவளுடைய சம்பளம் சுத்தமாகியிருக்கும், ஜூன் ரெர்மினுக்கு அவளை நானே கூட்டிப் போயிருக்கலாம். யோசித்தேன். இலையுதிர் காலத்தில் விலை இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஏறியது. அதில் என் கணக்குப் பிழைக்கவில்லை.

கொறற்றி ராசனுக்கு எழுதினாள்: இங்கே இன்னும் பொறுக்கச் சொல்லுகிறார்கள். பேசாலையில் இராணுவச் சுற்றிவளைப்புகள் கூடிவிட்டன, அவன் எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? ஒக்ரோபரில் ராமேஸ்வரத்துக்குப் போகும் வள்ளத்தில் ஏறினான். அதில் பதினேழு பேர். வள்ளம் கரை சேரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு அவள் பையில்லாமல் வந்தாள். கையில் ஒரேயொரு கடிதம், பிரித்திருந்தது. பேசாலைப் பங்குச் சுவாமியார் எழுதியது. "இது தமிழ்க் கடுதாசி அண்ணை," என்றாள். "நானே வாசிச்சிட்டன்." கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு, "நீங்களும் எவ்வளவு பாடுபட்டனீங்கள். இந்த நாட்டுக்காரர் கொஞ்சம் முந்தியே சொல்லியிருக்கலாம், என்ன?" என்றாள். நான் ஓம் என்றேன். இந்தக் கதையில் நான் சொன்ன சொற்களில் எனக்கு இப்போதும் தொண்டையில் நிற்பது அந்த ஓம்தான்.

ராசனைக் கொன்றது நான். கடல், சுற்றிவளைப்பு, அலுவலகம் என்று ஆயிரம் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, ஒரு கடிதத்தைப் பிழையாக வாசித்தேன் என்று ஜெர்மன் சுவாமியாரிடம் சொன்னேன். மொழி கடினம்தான், மனதைப் போட்டுக் குழப்பாதே என்றார். மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன்.

கடன் போன வருடம் முடிந்தது. வேலை திரும்பக் கிடைத்த நாளிலிருந்து தவணைகளை நான்தான் கட்டினேன். சம்பளத்தில் பிடிபட்டதையும் வரி திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டேன். அந்தக் காசில் அவள் ராசனுக்குப் பூசை கொடுத்தாள். காரின் பத்திரம் பதிவுத் தபாலில் அவளுக்கு வந்தது, அவள் பிரிக்காமல் என்னிடம் தந்தாள். இப்போது அந்தக் காரின் மதிப்பு வாங்கின விலையின் மூன்று மடங்கு. சலவைக்கூடத்தில் ஒரு பெண் மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கக் கூப்பிட்டாளாம், போகட்டா என்று கொறற்றி கேட்டாள். களைத்துப்போவாள் என்று வேண்டாம் என்றேன். நான் இருக்கிறேன்தானே.

இந்த எண்பத்தொன்பது ஒக்ரோபரோடு மூன்று வருடமாகிறது. இனி மறைக்க ஏலாது என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும். தமிழில் எழுதியிருக்கும் இது என் மனதை ஒழுங்குபடுத்த மட்டும். கடன், பத்திரம், கையெழுத்து எல்லாம் ஜெர்மனில் நடந்தவை, ஆகவே ஒப்புதலும் ஜெர்மனில் இருப்பதுதான் முறை. நாளைக்கு ஒரு வரியும் விடாமல் பெயர்த்து, நோவாக்கின் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து, காரின் பத்திரத்தையும் உள்ளே வைத்து, பதிவுத் தபாலில் அவள் விலாசத்துக்கு அனுப்புவேன். வியாழக்கிழமை அவள் கைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவள் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் மேசையில் வைப்பாள். நான் வாசித்துச் சொல்லுவேன்.