அக்காவுக்கு நினைவு விருது

விருது விழாவில் ரொம்பச் சிரமமான வேலை, முன்வரிசை நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான் ஐயா. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் யாரை உட்கார வைப்பது என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வேண்டாம், நன்றி. நிதானமாகவே சொல்கிறேன். பதற்றம் எதுவும் இல்லை.

பத்தொன்பது வருடமாக நான் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒரு மாலை, ஆறு பேருக்கு விருது. ஆளுக்கு ஒரு கேடயம், ஒரு பூங்கொத்து, ஒரு பக்கப் பாராட்டுரை. பாராட்டுரையை எழுதுவது நான். வாசிப்பது குரல் நன்றாக உள்ள வேறு ஒருவர். அரங்கம் கைதட்டும்போது நான் திரைக்குப் பின்னால் அடுத்த கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பந்தல் போட்டவன் மாப்பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுவானா?

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அதே பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள். நானும் அங்கேதான் படித்தேன். தட்டுத் தடுமாறித் தேறினேன், பட்டம் தபாலில் வந்தது. அவள் ஆற்று அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தோரு வருடம். மேல் அணையில் நீர்மட்டம் இத்தனை அடி என்றால், கீழே இருக்கிற ஊர்களுக்கு எத்தனை மணி நேரத்தில் வெள்ளம் வந்து சேரும் என்று ஒரு அட்டவணை போட்டாள். கரையோரம் நடந்து நடந்து, மழையில் நனைந்து நனைந்து போட்டது. அந்த அட்டவணையால் ஒரு வருடம் பதினேழு ஊர்களை விடிவதற்குள் காலி செய்தார்கள். ஒரு உயிர் போகவில்லை.

அட்டவணை அவளுடைய துறைத் தலைவரின் பெயரில் வெளிவந்தது. அவருக்குத்தான் நாங்கள் விருது கொடுத்தோம். பாராட்டுரை எழுதியது நான். அக்காவிடமே காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கேடா. 'அயராத'ன்னு ரெண்டு தடவை வருது பாரு, ஒண்ண எடுத்துடு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் மனது ஆறவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அவள் பெயரைப் பரிந்துரைத்தேன். எட்டு வருடம், எட்டு தடவை. குழுவில் ஐந்து பேர். கட்டுரை ஏதும் அவர் பெயரில் இல்லையே என்பார் ஒருவர். பெரிய பதவிக்கு வரவில்லையே என்பார் இன்னொருவர். செயலாளரின் அக்கா என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது குழுத் தலைவரின் கவலை. அவர் ஓய்வுபெற்ற நீதிபதி, சிரித்த முகம். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"காலமானவங்களா இருந்தா பிரச்சினையே இல்லைங்க. நினைவு விருதுக்குக் குழு எதுக்கு? நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன், முடிஞ்சுது."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர்மேல் நீங்கள் பழி எதுவும் போட வேண்டாம்.

அப்போது அக்காவுக்கு இருதயம் பலவீனமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் நாங்கள் இருவர். மாத்திரைகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஏழு அறை கொண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரம் முழுவதற்கும் நிரப்பி வைப்பேன். அதில் முக்கியமானது நீர் மாத்திரை. உடம்பில் தேங்குகிற நீரை வெளியேற்றுவது அதுதான். அது நின்றால் முதலில் கால் வீங்கும், பிறகு வயிறு, பிறகு நுரையீரல். டாக்டர் எனக்குப் படம் போட்டே விளக்கியிருந்தார்.

அக்காவுக்குப் பழக்கம் விடவில்லை. தினமும் காலையில் தையல் டேப்பால் தன் கணுக்காலை அளப்பாள், எடை பார்ப்பாள், நோட்டில் குறிப்பாள். மேசைமேல் நீங்கள் வைத்திருப்பது அந்த நோட்டுதான். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது பாருங்கள், கடைசிப் பக்கம் வரைக்கும்.

அவளுக்கான பாராட்டுரையை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன் என்பது உண்மை. அதில் ஒரு விஷயம் கவனித்தேன். "அவர் உழைக்கிறார், அவர் வாழ்கிறார்" என்று எழுதினால் சோகை பிடித்த மாதிரி இருந்தது. "உழைத்தார், வாழ்ந்தார்" என்று மாற்றினேன், உரைக்கு உயிர் வந்துவிட்டது. எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர் மாத்திரையை எடுத்துவிட்டு, அதே அளவில் அதே வெள்ளையில் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வைத்தேன். கை நடுங்கவில்லை. கெடுதல் செய்கிறவனுக்கு நடுங்கும் என்பார்கள், எனக்கு நடுங்காததே நான் செய்தது கெடுதல் இல்லை என்பதற்கு அத்தாட்சி என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அக்கா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்குடா. உப்பு ஏதும் கூடுதலா போட்டியா?"

"இல்லக்கா. வெயில் காலம்ல, அப்படித்தான் இருக்கும்."

"டாக்டருக்கு ஒரு போன் போடு."

போட்டேன் என்று சொன்னேன். வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்றேன். "தம்பி டாக்டருக்குச் சொல்லிவிட்டான்" என்று அன்றைய தேதிக்கு எதிரே எழுதிக்கொண்டாள். அதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு இடத்தில் அப்படி எழுதியிருக்கிறாள்.

எட்டாம் நாள் அவளால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் மூச்சு விட்டாள். அந்த நிலையிலும் நோட்டில் கோடு இழுத்து, புள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இப்படியே ஏறினா வியாழக்கிழமை மதியம் நெஞ்சுக்கு வந்துடும்" என்றாள்.

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"எங்க வேலையில ஒண்ணு சொல்லுவோம்டா. மழையே இல்லாம தண்ணி ஏறுதுன்னா, மேல யாரோ மதகைத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கிவிட்டது, நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அதன்பிறகு டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கி விழுங்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்குள் அந்த அளவுக்குப் புரிதல் உண்டு.

வியாழக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குப் போனாள். அவள் கணக்கு என்றைக்கும் தப்பியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். நாள்பட்ட இருதய நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எனக்காக வருத்தப்பட்டார்.

இப்போது நீங்கள் கேட்கிற கடிதத்துக்கு வருகிறேன்.

என் இழுப்பறையில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். சரிதான். நான் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி சொல்லவில்லை. ஒன்பதாவது தடவை குழு அக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டது. புதிதாகக் குழுவுக்கு வந்த பொறியாளர் அம்மா அந்தப் பதினேழு ஊர்களில் ஒன்றில் பிறந்தவர். தன் தாயைக் காப்பாற்றிய அட்டவணை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். அவளுக்கான விருதுக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான். நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். அது பத்தாம் தேதி. மாத்திரையை மாற்றியது பதினான்காம் தேதி.

கொடுக்கவில்லை. அவள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: "கூப்பிட்டா போயிட்டு வரலாம்டா, ஏன் போகாம? கால் மட்டும் வீங்காம இருந்தா நல்ல செருப்பாப் போட்டுக்கலாம்." ஆசைதான் போலிருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மேடைக்கு அவள் மெதுவாக ஏறி வந்திருப்பாள். ஒலிபெருக்கியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. "எல்லாருக்கும் நன்றி" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கியிருப்பாள். உயிரோடு இருப்பவர்களுக்கு உட்கார்ந்தபடிதான் தட்டுவார்கள் ஐயா, பத்து வினாடி. அதிலும் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பத்தோரு வருடத்துக்கு அது போதுமா? அவளுக்கு அது அவமரியாதை என்று எனக்குத் தோன்றியது.

விழாவுக்குப் பிறகு பொறியாளர் அம்மா வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அக்காவின் கையெழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார். நான் காபி கலக்க உள்ளே போயிருந்தேன். அவர் அலமாரியில் கைக்குக் கிடைத்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பார்த்திருக்கிறார். அவர் பொறியாளர், எண்களைப் படிக்கத் தெரிந்தவர். காபியைக் குடிக்காமலே போய்விட்டார். அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் நல்ல பெண்.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தினர் என்ற முறையில் இந்தத் தடவை பாராட்டுரையை நானே வாசித்தேன். பதினொரு நிமிடம். எண்ணூறு பேர் உட்கார்ந்த அரங்கில் ஒரு இருமல் சத்தம் இல்லை. "வாழ்ந்தார்" என்கிற இடத்தில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.  முடித்ததும் முன்வரிசை எழுந்தது, அதைப் பார்த்துப் பின்வரிசை, அப்புறம் மாடியில் இருந்தவர்கள். நின்றபடி தட்டினார்கள். கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள், எதிர்பார்த்ததைவிடக் கனம். துணைவேந்தர் என்னை அணைத்துக்கொண்டார். மேடை விளக்கு முகத்தில் அடித்தது. கீழே யாருடைய முகமும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான் ஐயா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாலைந்து நிமிடம் மனது அப்படி நிறைந்து கிடந்தது. அக்காவின் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.